குடிச்சிட்டு ஓட்டுறவங்க குறைஞ்சா யாருக்கு நஷ்டம்?

இந்த எபிசோடு ஒரு ஃபோன் காலில் தொடங்குது.

என் அக்கா குடும்பம் டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கத்துல ஃப்ரிஸ்கோங்கிற ஊர்ல இருக்காங்க. அக்கா பையனுக்கு 19 வயசு. போன மாசம் பேசும்போது, "என்னடா, வண்டி வாங்கிட்டியா?"ன்னு சும்மா கேட்டேன். "மாமா, எனக்கு லைசென்ஸே இல்ல"ன்னான். நான் கொஞ்சம் ஆடிப்போயிட்டேன். அமெரிக்கப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். அங்க 16 வயசு ஆனதும் சாவியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்கன்னுதான் நினைச்சிருந்தேன். "என் ஃபிரெண்ட்ஸ்ல பாதிப் பேருக்கு இல்ல மாமா. எங்கயாவது போகணும்னா ஃபோன்ல வண்டி வரவெச்சுக்குவோம். குடிக்கிறவனும் ரொம்பக் கம்மி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். அவன் சொன்னது சரிதான். 1983-ல் அமெரிக்காவில் 16 வயதானவர்களில் 46 சதவீதம் பேரிடம் லைசென்ஸ் இருந்தது. 2014-ல் அது கிட்டத்தட்ட 25 சதவீதம். அதே 1983-ல்தான் குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கைதானவர்களின் எண்ணிக்கையும் உச்சத்தில் இருந்தது. எஃப்.பி.ஐ. கணக்குப்படி சுமார் 19 லட்சம் கைதுகள். 2019-ல் அது 10 லட்சத்தைச் சற்றே தாண்டியது. நடுவில் நாட்டின் மக்கள்தொகை ஒன்பது கோடிக்கும் மேல் கூடியிருக்கு. அதையும் சேர்த்துப் பார்த்தால் சரிவு இன்னும் பெருசு. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க கிட்ட இந்தச் சரிவு எல்லாரையும்விட வேகம்.

நல்ல செய்திதானே? ஆமா, நல்ல செய்திதான். ஆனா தேடத் தேட இன்னொரு விஷயம் கண்ணுல பட்டுது. இந்தக் கைதுகளை நம்பி சில பேரோட பட்ஜெட் ஓடிட்டு இருந்திருக்கு. ஒரு குற்றம் குறையும்போது யாரோ ஒருத்தருக்கு வருமானம் குறையுதுன்னா, அந்த ஏற்பாட்டை யார் போட்டாங்க, எப்போ போட்டாங்க? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

1,104 பேர் இருந்த ஊர்

கதை கார்ல தொடங்கல, பாட்டில்ல தொடங்குது. 1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. சட்டம் போட்டாச்சு, யார் பிடிக்கிறது? ஓஹையோ மாநிலம் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. சின்னச் சின்ன ஊர் மேயர்களுக்கே நீதிபதி அதிகாரத்தைக் கொடுத்தது. அவங்க தங்கள் ஊரை மட்டும் இல்ல, கவுன்டி முழுவதையும் விசாரிக்கலாம். கவுன்டின்னா ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி.

சின்சினாட்டி நகரத்துக்குப் பக்கத்தில் நார்த் காலேஜ் ஹில் என்று ஒரு கிராமம். மக்கள்தொகை 1,104. அது இருந்த ஹாமில்டன் கவுன்டியிலோ ஐந்து லட்சம் பேர். அந்தக் கிராமம் ஒரு 'மது நீதிமன்றத்தை' நடத்தியது. நீதிபதி, ஊர் மேயர். சாராயம் வைத்திருந்ததாக டூமி என்பவரைப் பிடித்துவந்து 100 டாலர் அபராதம் போட்டார்கள்.

இங்கதான் விஷயமே. குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாத்தான் மேயருக்கு வழக்குச் செலவுத் தொகை கிடைக்கும். டூமி வழக்கில் அது 12 டாலர். நிரபராதின்னு விட்டுட்டா, அவருக்கு ஒண்ணும் கிடையாது. ஊருக்கும் பங்கு உண்டு. அபராதத்தில் பாதி மாநிலத்துக்கு, மீதி கிராமத்துக்கு.

1923 மே மாதத்தில் இருந்து டிசம்பர் வரை, ஏழரை மாசத்தில், அந்த நீதிமன்றம் வசூலித்த அபராதம் 20,000 டாலருக்கு மேல். மேயருக்குச் சம்பளத்துக்கு மேலே கிடைத்தது 696 டாலர் 35 சென்ட். இந்தச் சில்லறைக் கணக்கு வரைக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கு. ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊருக்கு 20,000 டாலர்! பக்கத்துப் பெருநகரத்துக்காரங்கதான் அந்த ஊரோட விளைநிலம்.

1927-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட். முன்னாடி நாட்டோட அதிபரா இருந்தவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒருவரைத் தண்டித்தால்தான் தனக்குக் காசு வரும் என்ற நிலையில் இருப்பவர், அந்த வழக்குக்கு நீதிபதியாக இருக்கக் கூடாது.

அத்தோட முடிஞ்சுதான்னு கேட்டா, இல்ல. அதே ஓஹையோவில் மன்ரோவில் என்று இன்னொரு கிராமம். இந்தத் தடவை சாராயம் இல்ல, டிராஃபிக். மேயர் தன் பாக்கெட்டில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனா 1964-ல் கிராமத்தின் மொத்த வருமானம் 46,355 டாலர். அதில் 23,589 டாலர் அந்த மேயர் நீதிமன்றத்தில் இருந்து வந்தது. சரிபாதி! தெருவிளக்கு, குப்பை, சம்பளம் எல்லாத்துலயும் பாதி, யாரோ ரோட்டுல பண்ணின தப்புல இருந்து வருது. 1972-ல் உச்ச நீதிமன்றம் இதையும் தப்புன்னு சொல்லிச்சு. பணம் மேயரின் பைக்குப் போகலைன்னாலும், ஊர்க் கஜானாவைக் காப்பாத்துற பொறுப்பு அவர்கிட்ட இருக்கும்போது அவரால நடுநிலையா இருக்க முடியாதுங்கிறது வாதம்.

இந்த ரெண்டு தீர்ப்பும் கட்டுப்படுத்தியது நீதிபதி நாற்காலியில் இருக்கிறவரை மட்டும்தான். அபராதப் பணம் எங்கே போகலாம், அதை நம்பி எந்த இலாகா வாழலாம்னு பெரிய கேள்வி அப்படியே திறந்து கிடந்தது.

பலூனில் இருந்து பெட்டிக்கு

அதுக்குள்ள விஞ்ஞானம் ஒரு வேலை பண்ணிடுச்சு. குடிச்சிருக்கான்னு போலீஸ் சொன்னா மட்டும் போதுமா? "நடை தள்ளாடிச்சு, வாடை வந்துச்சு"ன்னு சாட்சி சொல்லி எத்தனை கேஸ் ஜெயிக்கிறது? 1930-களில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலா ஹார்ஜர் 'டிரங்கோமீட்டர்' என்ற கருவியை உருவாக்கினார். ஒரு பலூனில் ஊதணும். அந்தக் காற்றை ஒரு ரசாயனக் கரைசலுக்குள் விடுவாங்க. நிறம் எவ்வளவு வெளுக்குதுங்கிறதை வெச்சு, உடம்புல எவ்வளவு ஆல்கஹால்னு கணக்கு. 1954-ல் ராபர்ட் போர்கன்ஸ்டைன் இதை எளிமையாக்கி, தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டியாக மாற்றினார். பெயர், பிரெத்தலைசர். நம்ம ஊர் செக்பாயின்ட்ல "ஊது"ன்னு சொல்றாங்களே, அந்த மெஷினோட தாத்தா இவர் பண்ணினதுதான்.

இப்போ சந்தேகம் இல்ல, ஒரு எண் இருக்கு. எண் வந்தா எல்லைக்கோடு வரும். 1930-களின் இறுதியில் பரிந்துரைத்த எல்லை ரத்தத்தில் 0.15 சதவீதம். அது பிறகு 0.10 ஆச்சு, அப்புறம் 0.08. 2018 கடைசியில் யூட்டா மாநிலம் 0.05-க்கு இறக்கியது. கோடு இறங்க இறங்க, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க கூடுவாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரு அம்மாவின் கோபம்

1980 மே 3. கலிஃபோர்னியாவில் ஃபேர் ஓக்ஸ் என்ற ஊரில் கேரி லைட்னர் என்ற 13 வயசுப் பொண்ணு நடந்து போயிட்டு இருக்கா. பின்னாலிருந்து ஒரு கார் மோதித் தூக்கி எறிஞ்சிட்டு நிக்காம போயிடுச்சு. ஓட்டியவர் குடித்திருந்தார். ஏற்கனவே பலமுறை அதே குற்றத்துக்காகப் பிடிபட்டவர். இன்னொரு குடிபோதை விபத்துக் கேஸ்ல ஜாமீன்ல வந்து ரெண்டே நாள்தான் ஆகியிருந்தது.

அந்தப் பொண்ணோட அம்மா கேன்டி லைட்னர் தொடங்கிய அமைப்புதான் எம்.ஏ.டி.டி. குடிபோதையில் ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள். அதுவரைக்கும் அமெரிக்காவில் இது ஒரு 'அசம்பாவிதம்'. "பாவம், ஒரு பெக் அதிகமாப் போச்சு"ன்னு ஜட்ஜே சிரிச்சிட்டு அனுப்புற காலம். 1982-ல் குடிபோதை ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 21,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனாங்க. ஒரே வருஷத்தில். வருமானம், பட்ஜெட்னு நான் பேசுறதுக்கு முன்னாடி இந்த எண்ணை நீங்க மனசுல போட்டுக்கணும். அந்தத் தாய்மார்கள் யாரும் காசுக்காக ரோட்டுக்கு வரல.

1984-ல் அதிபர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி கிடையாது. தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது. 1987-ல் தோற்றது. 1995-ல் இதே பாணியில் இன்னொரு சட்டம்: 21 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு எல்லைக்கோடு 0.02. கிட்டத்தட்ட ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னு அர்த்தம். 1998-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. வாஷிங்டன் எந்த மாநிலத்துக்கும் நேரடியா உத்தரவு போடல. பர்ஸை மட்டும் மூடிக் காட்டிச்சு.

கவனிங்க. இளைஞர்களைப் பிடிக்கிற வலை 1990-களில் இன்னும் நெருக்கமாச்சு. அப்போ கைது கூடியிருக்கணும். ஆனா நீண்ட காலத்துல பார்த்தா குறைஞ்சது. வலை பெருசாகியும் மீன் கம்மியாச்சுன்னா, குளத்துலயே மீன் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

குடிச்சவனே கட்டட்டும்

இப்போ காசுக்கு வருவோம். 1981-ல் நியூயார்க் மாநிலம் 'ஸ்டாப் டி.டபிள்யூ.ஐ.' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குடித்துவிட்டு ஓட்டியதற்கான அபராதம் மாநிலக் கஜானாவுக்குப் போகாது, அந்தந்தக் கவுன்டிக்கே திரும்பும். அந்தப் பணத்தில் கூடுதல் ரோந்து, போலீஸ் ஓவர்டைம், வழக்கறிஞர் சம்பளம், பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வு. வரி கட்டுறவன் ஏன் செலவு பண்ணணும், குடிச்சு ஓட்டினவனே கட்டட்டும். கேட்க நியாயமா இருக்கு. நானும் முதல்ல "சூப்பர் ஐடியா"ன்னுதான் நினைச்சேன்.

ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. திட்டம் ஜெயிச்சா குடிச்சிட்டு ஓட்டுறவன் குறைவான். அவன் குறைஞ்சா அபராதம் குறையும். அபராதம் குறைஞ்சா ரோந்துக்குக் காசு இருக்காது. தன்னோட வெற்றியே தன்னைப் பட்டினி போடுற மாதிரி ஒரு வடிவமைப்பு.

டெக்சாஸ் கதை இதைவிட மோசம். 2003-ல் 'டிரைவர் ரெஸ்பான்சிபிலிட்டி புரோகிராம்'னு ஒண்ணு வந்தது. கோர்ட் அபராதம் தனி. அதுக்கு மேல மூணு வருஷத்துக்கு வருஷம் 1,000 டாலர் மாநிலத்துக்குக் கட்டணும். ரெண்டாம் தடவைன்னா 1,500. ரத்தத்தில் 0.16-க்கு மேல் இருந்தால் 2,000. இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினவங்களுக்கும் ஒரு தொகை. கட்டலைன்னா லைசென்ஸ் சஸ்பெண்ட்.

வந்த பணத்தில் ஏறக்குறைய பாதி எங்கே போனது தெரியுமா? விபத்துச் சிகிச்சை மருத்துவமனைகளுக்கு. இதை யாரால எதிர்க்க முடியும்? ஆனா டெக்சாஸ்ல பல ஊர்ல வண்டி இல்லாம வேலைக்குப் போக முடியாது. காசு இல்லாதவன் கட்டல, லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் இல்லாமயே வேலைக்கு ஓட்டினான், மாட்டினான், அதுக்கும் கட்டணம் ஏறிச்சு. இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சட்டப்படி ஓட்ட முடியாத நிலைக்குப் போனார்கள். இந்தக் கட்டணத்துக்குப் பயந்து, வக்கீல்கள் குடிபோதைக் கேஸை வேற சின்னப் பிரிவுக்கு மாத்த பேரம் பேசினதும் நடந்தது.

திட்டம் தோத்துப்போச்சுன்னு ரெண்டு கட்சிக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. இருந்தும் வருஷக்கணக்கா அதை எடுக்க முடியல. காரணம், "மருத்துவமனைக்கு வேற பணம் எங்க இருந்து வரும்?" கடைசியில் 2019 செப்டம்பர் 1 அன்று ரத்தானது. ஈடுகட்ட என்ன பண்ணினாங்க? வாகன இன்சூரன்ஸ்ல இருந்த 2 டாலர் கட்டணத்தை 4 ஆக்கினாங்க. முதல் தடவைக் குடிபோதைக் குற்றத்துக்கு 3,000 டாலர்னு ஒரே தொகையா ஒரு அபராதம் வெச்சாங்க. எல்லாரும் ரெண்டு டாலர் கொடுத்திருந்தா முடிஞ்சிருக்கக்கூடிய விஷயத்துல பெரும்பகுதிக்கு, 16 வருஷம் ஏழைங்க மாட்டிக்கிட்டு நின்னாங்க.

அப்போ போலீஸ் காசுக்காகத்தான் பிடிக்குதா?

இந்த இடத்துல நான் கொஞ்சம் பிரேக் போடணும். "எல்லாம் வசூல் வேட்டை"ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். உண்மை கொஞ்சம் சிக்கலானது.

தாமஸ் காரெட், கேரி வாக்னர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வட கரோலினா மாநிலத்தின் கவுன்டிகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர் வருமானம் குறைந்த அடுத்த வருஷம் டிராஃபிக் டிக்கெட்டுகள் கூடின. ஆனா வருமானம் நல்லா இருந்த வருஷத்துக்கு அப்புறம் டிக்கெட் குறையல. பணக்கஷ்டம் போலீஸோட பேனாவைத் தள்ளுது, பண வசதி அதை நிறுத்துறது இல்ல.

ஆனா அது டிக்கெட். குடிபோதைக் கைது வேற மாதிரி. ஒருத்தரைப் பிடிச்சா, சோதனை, ஸ்டேஷன், சில சமயம் ரத்த மாதிரி, பக்கம் பக்கமா அறிக்கை. ஒரு போலீஸ்காரரோட பல மணி நேரம் போயிடும். அதே நேரத்துல ஸ்பீடு டிக்கெட் எத்தனையோ எழுதலாம். அதனால வருமானம் மட்டும்தான் குறின்னா, புத்திசாலி அதிகாரி குடிச்சவனை விட்டுட்டு வேகமாப் போறவனைத்தான் பிடிப்பார். காசை நம்பி ஓடுற அமலாக்கத்தோட உண்மையான ஆபத்து இதுதான். அது ரொம்பப் பேரைப் பிடிக்கும்னு மட்டும் பயப்படாதீங்க. பிடிக்க வேண்டியவனை விட்டுடும்னும் பயப்படணும்.

குளத்துல மீன் ஏன் குறைஞ்சது?

அப்போ இளைஞர்கள் ஏன் மாறினாங்க? ஒரே காரணம் கிடையாது. 1991-ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், 22 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்துவிட்டு ஓட்டியதாகச் சொன்னார்கள். 2011-ல் அது 10 சதவீதம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு இது. கவனிங்க, அப்போ ஆப்ல டாக்ஸி கூப்பிடுற வழக்கம் இப்போதான் தொடங்கியிருந்தது. ஊபர் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓட ஆரம்பிச்சதே 2010-ல்தான். அதனால முழுப் புகழையும் ஆப்புக்குக் கொடுக்க முடியாது. 21 வயசுச் சட்டம், 0.02 கோடு, படிப்படியா லைசென்ஸ் கொடுக்கிற முறை, தாய்மார்கள் ஏற்படுத்தின வெட்க உணர்வு எல்லாம் சேர்ந்துதான் முதல் பாதி வேலையைச் செய்தது. அப்புறம் ஃபோன் வந்தது, லைசென்ஸ் எடுக்கிற ஆசை போச்சு, குடியும் குறைஞ்சது. கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், 18 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் குடிப்பவர்கள் இருபது வருஷ இடைவெளியில் 72 சதவீதத்தில் இருந்து 62 சதவீதமாக இறங்கியிருக்கிறார்கள்.

இங்க கதை சுபமா முடியணும். முடியல.

2019-ல் குடிபோதை ஓட்டுநர் விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 10,000. 2021-ல் அது 13,000-ஐத் தாண்டியது. 2023-லயும் 12,000-க்கு மேலதான். பதின்ம வயசுக்காரங்க திருந்தினாலும், உயிர்ப்பலி விபத்துகள்ல சிக்குற ஓட்டுநர்கள்ல குடிச்சிருக்கிறவங்க விகிதம் 21-ல இருந்து 34 வயசு வரைதான் இன்னமும் அதிகம். அதாவது, இதைக் கேட்டுட்டு இருக்கிற நம்ம வயசு.

அப்போ கைது குறையுறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். தப்பு குறைஞ்சிருக்கலாம். இல்ல, பிடிக்கிறவங்க குறைஞ்சிருக்கலாம். கைது எண்ணிக்கையை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மரண எண்ணிக்கையைப் பக்கத்துல வெச்சாத்தான் வித்தியாசம் புரியும். அபராதத்தை நம்பி ரோந்து நடத்துற ஊர்ல ஒண்ணு இன்னொண்ணா மாறிடும். பசங்க திருந்தினதால காசு குறையும், காசு குறைஞ்சதால ரோந்து குறையும், அந்த இடைவெளியில திருந்தாத முப்பது வயசுக்காரன் புகுந்து போவான்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி நார்த் காலேஜ் ஹில் மேயர் கிட்ட இருந்த பிரச்சினை, தண்டிச்சாத்தான் காசு. இப்போ இருக்கிற பிரச்சினை அதோட மறுபக்கம், காசு இருந்தாத்தான் காவல். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை வீடு எரிஞ்சதுன்னு எண்ணிப் பார்த்து நாம சம்பளம் கொடுக்கிறதில்ல. ரோட்டுல உயிரைக் காப்பாத்துற வேலைக்கும் அப்படித்தான் இருக்கணும். அபராதம் கடுமையா இருக்கட்டும், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அந்தப் பணம், அதைப் போடுறவங்க கைக்கும், அதை வெச்சு வாழுறவங்க கைக்கும் எட்டாத தூரத்துல இருக்கணும்.

எபிசோடு எழுதி முடிச்சதும் அக்கா பையனுக்கு மறுபடி கூப்பிட்டேன். "டேய், நீ லைசென்ஸ் எடுக்காததால உங்க கவர்மென்டுக்கு வருமானம் கம்மியாகுதாம்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான்: "அதுக்கு நான் என்ன மாமா பண்ண முடியும்? தப்பு பண்ணித் தரணுமா?"

எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க. இந்த வாரக் கடைசியில வெளிய போறீங்கன்னா, சாவியை வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.